பாட்டு பீரியடில் சாவு மேளம்

எங்கள் மலைப் பள்ளிக்கூடத்தில் பாட்டு பீரியடு என்று ஒன்று அட்டவணையில் இருந்தது. அந்த நேரத்தில் கணக்கு நடக்கும். எட்டாம் வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொல்வோம், அதுதான் எங்களுக்கு வாய்த்த சங்கீதம். நான் ஐந்தாவது படித்தபோது நாலு பள்ளிக்கூடத்துக்கும் சேர்த்து ஒரு பாட்டு டீச்சரைப் போட்டார்கள். புதன்கிழமைதோறும் மலைக்குக் கீழே ஒடுகத்தூரில் பஸ் ஏறி வருவார். பெரிய சாருக்கு இதில் இஷ்டமில்லை. ஒரு மாதம் பார்ப்போம், ஏதாவது வம்பு வந்தால் பழையபடி கணக்குதான் என்று எங்கள் முன்னாலேயே சொல்லிவிட்டார்.

மூன்றாவது புதன்கிழமை டீச்சர் தோளில் ஒரு மேளத்தை மாட்டிக்கொண்டு வந்து இறங்கினார். பெண்பிள்ளையான நான் தூர நின்று மட்டுமே பார்த்த சாமான் கைக்கெட்டும் தூரத்தில்! புளியமரத்தடியில் எங்களை உட்காரவைத்து, "உங்களுக்குத் தெரிஞ்சத அடிங்க, பயப்படாதீங்க" என்றார். பையன்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நெளிந்தார்கள். நான் எழுந்து போய்க் குச்சியை வாங்கினேன்.

எங்கள் மலையில் மேளம் சும்மா ஒலிக்காது. சாமிக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி. அந்த வருஷம் ஏதோ தகராறில் திருவிழா நின்றுபோயிருந்தது. சாவு நிற்கவில்லை. ஆக எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நிதானமாக இரண்டு, ஒரு நிறுத்தம், பிறகு ஓங்கி ஒன்று. சத்தம் எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தது. இது என் கை எழுப்பிய சத்தமா என்று உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. டீச்சர் கீழ்நாட்டுக்காரர், எங்கள் அடி அவருக்குத் தெரியாது, ரசித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன்.

கண்ணைத் திறந்தபோது மலையே இறங்கி வந்துகொண்டிருந்தது. சாமை அறுத்தவர்கள் அரிவாளோடு, மாடு மேய்த்தவர்கள் கோலோடு, எல்லாரும் ஓட்டமாக. ஒரு குச்சிக்கு இவ்வளவு பேரா! சாமி வந்தால்கூட இப்படி ஓடிவர மாட்டார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

எல்லாருக்கும் முன்னால் வந்தவர் அப்பா. முழங்காலில் ரத்தம். "யாரு?" என்றார். அம்மா அப்போது பிரசவத்துக்குக் கீழே ஆஸ்பத்திரியில் இருந்தாள், பெரியம்மா துணைக்கு. யாரும் இல்லை, பிள்ளைதான் அடித்தாள் என்று டீச்சர் பதறிச் சொன்னதும் அப்பா அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"படிக்க அனுப்புனா சாவு மோளமா சொல்லிக் குடுக்கறீங்க?" என்று மாமா டீச்சர்மேல் பாய்ந்தார். பெரிய சார் இதற்காகவே காத்திருந்தவர்போல, இன்றோடு பாட்டு பீரியடு முடிந்தது என்றார். டீச்சர் முகம் வாடி மேளத்தை எடுத்து மாட்டினார்.

அப்பா எழுந்தார். "அது மேல தப்பு இல்லீங்க சார். பாப்பாவுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். டீச்சர், வேற அடி சொல்லிக் குடுங்க. வர்ற வாரமும் வாங்க." அவரே சொன்ன பிறகு கூட்டம் கலைந்தது. பெரிய சாரும் சரி என்று விட்டுவிட்டார்.

பிறகு என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிக்னல் கிடைக்கும் பாறைக்குப் போனார். பெரியம்மாவுக்குப் போன் போட்டு அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார். "சாப்டியா? ஒண்ணுமில்ல, சும்மாதான். நீ பேசு, ஏதாச்சும் பேசு" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். நான் ஊரையே திரட்டிய கதையை அவர் சொல்லவே இல்லை. என் மேளத்தைப் பற்றி அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்ற கோபத்தில், வீடு வந்து சேரும்வரை நான் அப்பாவோடு பேசவில்லை.