கல்யாணக் கேசட்டு பீரோவுல, துட்டிக் கேசட்டு மோட்டார் ரூம்புல

பழைய வீடியோ கேசட்ட பென் டிரைவுல ஏத்திக் குடுக்குற தொழில்ல ஒரே ஒரு வசதிதான்: வாரவுகள்ல பாதிப் பேரு அழுதுக்கிட்டே போவாக, ஆனா யாரும் நம்மள அடிக்க வர மாட்டாக.

ராஜபாளையத்துல, பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி நம்ம கடை. கடைன்னா என்ன, ஒரு ஷட்டரு, ஒரு கம்ப்யூட்டரு, ஒரு டெக்கு, ரெண்டு பிளாஸ்டிக் சேரு. சிரிக்காதீக. ஒங்க வீட்டு பீரோவுலயும் சேலைக்கு அடியில ஒரு கேசட்டு கெடக்கும். போட்டுப் பாக்கவும் முடியாம, தூரப் போடவும் மனசு வராம நீங்க படுற பாடு எனக்குத் தெரியும். நானும் ஒங்க கூடச் சேந்துதான் பட்டுக்கிட்டு இருக்கேன்.

கழுவிக் காயப்போட்டவர்

கான்சாபுரத்துல இருந்து ஒரு பெரியவரு வந்தாக. நெலம் நீச்சுள்ள ஆளு, சலவை வேட்டி. துண்டுல சுத்தி ஒரு கேசட்டு. தொறந்து பாத்தா டேப்பு பூரா சுருண்டு, காஞ்சுபோன முருங்கக்காத் தோலாட்டம் இருக்கு. "என்னய்யா பண்ணுனீக இத?"ன்னேன். உள்ள வெள்ள வெள்ளையா பூஞ்சை பூத்திருந்துச்சாம். இவிய ஸ்க்ரூவக் கழட்டி, டேப்ப முழுசா உருவி, சோப்புத்தூள்ல அலசி, மொட்டமாடியில மொளகா காயிற எடத்துக்குப் பக்கத்துல காயப் போட்டிருக்காக. பறந்துறாம இருக்க ஓரத்துல கல்லு வேற. பொறவு கையால சுத்தி திரும்ப ஏத்தியிருக்காக.

நமக்குத்தான் வாயி சும்மா இருக்காதே. "கஞ்சி போடாம விட்டுட்டீகளேய்யா"ன்னுட்டேன். அவிய சிரிக்கல. சம்சாரம் தவறி அப்பத்தான் பதினாறு கழிஞ்சிருக்கு. கல்யாணத்துல அந்தம்மா எப்பிடி இருந்தாகன்னு ஒரு வாட்டி பாக்கணும்னு ஆச. இனி இதுல ஒண்ணும் வராதுய்யான்னு நான் சொன்னதும், கேசட்ட அதே துண்டுல பதனமா சுத்திக்கிட்டு எந்திரிச்சாக. வாசல்ல நின்னு சொன்னாக: "அவ இருந்திருந்தா என்னயக் கழுவ விட்டிருக்க மாட்டா தம்பி."

டெக்கும் சோலை அண்ணனும்

எனக்குத் தெரிஞ்சு இந்தச் சுத்துவட்டாரத்துல ஓடுன டெக்கு என்கிட்ட இருந்த இந்த ஒண்ணுதான். கேசட்ட உள்ள தள்ளுனா முதல்ல கர்ர்ருன்னு ஒரு கனைப்பு, பொறவு டொக்குன்னு ஒரு விக்கல், அதுக்குப் பொறவு ஊஊன்னு பெருமூச்சு. வயசான மாமனார் மாதிரி. செத்துப்போன டெக்குகளோட வயித்தக் கிழிச்சு எடுத்த பெல்ட்டுலயும் கியருலயும்தான் இதோட உசுரு ஓடுச்சு. பூஞ்சை பிடிச்ச டேப்பப் போட்டா, டேப்பப் படிக்கிற ஹெட்டுல ஒட்டிக்கிரும். ஹெட்டு போனா டெக்கு போச்சு, டெக்கு போனா கடை போச்சு. அதுனால 'பூஞ்சைக் கேசட்டு வாங்கப்படாது'ன்னு போர்டே மாட்டி வச்சிருந்தேன்.

ரெண்டாவது சேரு சோலை அண்ணனுக்கு. ஒரு காலத்துல இங்க இருந்து ஸ்ரீவில்லிபுத்தூரு வரைக்கும் முக்காவாசிக் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்த ஆளு. இப்பக் கண்ணுல புரை, காலையில வந்து உக்காந்தாருன்னா சாயந்தரம்தான் எந்திரிப்பாரு. அந்தக் காலத்துல மாப்பிள்ளைய ஆப்பிளுக்குள்ள வைப்பாரு, பொண்ண தாமரைக்குள்ள வைப்பாரு. அதுக்கு மேல முகூர்த்தத்துல ஆரம்பிச்சு பந்தி வரைக்கும் சினிமாப் பாட்டு. அசல் சத்தத்த அடியோட தூக்கிருவாரு. அப்ப அதுதான் மொற. யாராவது பேசுறது கேட்டுச்சுன்னா, மிக்சிங் பண்ணாமக் குடுத்துட்டீரேன்னு வீட்டுக்காரவுக சண்டைக்கு வந்துருவாக. ஒரு எடத்துலயாவது பேச்ச விட்டு வச்சிருக்கலாம்லண்ணேன்னு ஒரு நா கேட்டேன். "ஏலே, எலைக்கு அப்பளம் வரலன்னு பந்தியில ஒருத்தன் கத்துதான், அதக் கேக்கவா எங்கிட்ட கேசட்டு வாங்குறாக?"

டப்பிங்

மம்சாபுரத்துல இருந்து முத்துலட்சுமின்னு ஒரு பிள்ளை வந்துச்சு. சத்திரப்பட்டியில பேண்டேஜ் துணி ஓட்டுற தறிக்கு வேலைக்குப் போகுது. கொண்டு வந்தது அவ அப்பா அம்மா கல்யாணக் கேசட்டு. பட்டுத்துணியில சுத்தி, பாச்சா உருண்டை வாசத்தோட, நேத்து வாங்குன மாதிரி இருக்கு. இப்பிடி ஒரு கேசட்டப் பாத்தா எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோணும். சோலை அண்ணன் மேல் அட்டையக் கண்ணுக்குக் கிட்டக்க வச்சுப் பாத்ததுமே நம்ம சரக்குதாம்லேன்னுட்டாரு.

கேசட்டு ஓடுற நேரத்துக்கு ஓடித்தான் ஏறும், அவசரப்படுத்த முடியாது. அம்புட்டு நேரம் கஸ்டமரு கொட்டாவி விடாம இருக்க நான் படத்துல வாரவுகளுக்கு டப்பிங் குடுப்பேன். மொறைக்கிற மாமாவுக்கு ஒரு குரலு, சமையல்காரருக்கு ஒரு குரலு, தெலுங்குக்கார வீட்டுக் கல்யாணம்னா தெலுங்குலயே குடுப்பேன். அன்னைக்கும் அப்பிடித்தான். மணவறையில பொண்ணு மாப்பிள்ளை பக்கம் சாஞ்சு என்னமோ சொல்லுது. நான் மூக்கால கீச்சுக் குரல்ல, "ஏங்க, கால் மரத்துப் போச்சுங்க, எப்பங்க எந்திரிக்க விடுவாக"ன்னு இழுத்தேன். சோலை அண்ணன் தொடையத் தட்டிச் சிரிச்சாரு. அந்தப் பிள்ளை சிரிக்கல. படத்த விட்டுட்டு என் மூஞ்சியவே பாத்துச்சு. "எங்கம்மா இப்பிடித்தான் பேசுமா அண்ணே?"

பாட்டுக்கு நடுவுல

பொறவுதான் வெவரம் சொல்லுச்சு. இவ நடக்கப் பழகுறதுக்கு முன்னாடியே அம்மா மஞ்சக்காமாலையில போயிட்டாக. அப்பா அந்தப் பேச்சையே எடுக்க மாட்டாக. போட்டோ அஞ்சாறு இருக்கு, மூஞ்சி தெரியும். குரலு தெரியாது. அதக் கேக்கத்தான் வந்திருக்கா. அந்த நேரத்துல நான் என் வாயத் தச்சுப் போட்டிருக்கலாம்.

பாட்டுத்தான் தாயி இருக்கு, பேச்சு இருக்காதேன்னு சோலை அண்ணன் மெதுவா சொன்னாரு. "தறிச் சத்தத்துக்குள்ள நின்னே பக்கத்துத் தறிக்காரி பேசுறது எனக்குக் கேக்கும். பாட்டுக்குள்ள கேக்காதா?"ன்னு ஹெட்போனை வாங்கி மாட்டிக்கிட்டா. முழுக் கேசட்டும் ஓடுச்சு. ஒரு பாட்டு முடியிற எடத்துல முன்னாடி குனிவா, அதுக்குள்ள அடுத்த பாட்டு வந்து விழும். அண்ணன் மிக்சிங்ல ஊசி நொழைய எடம் இல்ல. பாட்ட மட்டும் எடுத்துற முடியாதான்னு கேட்டா. எடுத்தா அடியில ஒண்ணுமே இல்லம்மான்னேன். கேமராவுல எடுத்த மொதக் கேசட்டு எங்கன்னு கேட்டா. சோலை அண்ணன் தரையப் பாத்துக்கிட்டே, அதுலயேதான் அடுத்த கல்யாணத்த எடுத்துருவோம் தாயின்னாரு. டீ வந்து ஆறிப்போச்சு, அண்ணன் தொடல. படத்துல அந்தம்மா யாரையோ பாத்து கைய ஆட்டி ஆட்டிப் பேசிக்கிட்டு இருக்கு. முத்துலட்சுமி ஹெட்போனைக் கழட்டி வச்சா. "இம்புட்டுப் பேசுதே, ஒரு வார்த்த வெளிய விழலியேண்ணே."

பாட்டுப் போடாத வீடு

அப்பத்தான் சோலை அண்ணன், "ஒங்க தாத்தா செத்த துட்டிக்கும் நான்தான் தாயி வீடியோ எடுக்க வந்தேன்"னாரு. முத்துலட்சுமிக்குப் பெரியப்பா ஒருத்தரு பட்டாளத்துல. அவரோட அப்பா, அதான் இவ தாத்தா, செத்தப்ப பார்டருல இருந்து அவருக்கு லீவு கெடைக்கல. நம்ம பக்கம் வீட்டுக்கு ஒரு ஆளு பட்டாளத்துலயோ போலீசுலயோ இருப்பாக. பொணம் காத்துக்கெடக்குமா? வந்த பொறவு பாக்கட்டும்னு வீடியோ எடுத்து வச்சிருவாக. துட்டி வீட்டுக்கு எவன் பாட்டுப் போடுவான்? எடுத்தது எடுத்தபடியே இருக்கும். ஆனா அந்தக் கேசட்ட யாரும் வீட்டுக்குள்ள வைக்க மாட்டாக, அதுவும் கல்யாணக் கேசட்டு இருக்குற பீரோவுல வைக்கவே மாட்டாக. இவ வீட்டுல அது செண்பகத்தோப்பு போற பாதையில இருக்குற தோட்டத்து மோட்டார் ரூம்புல கெடந்திருக்கு. துட்டிக் கேசட்டு அங்கதான் இருக்கணும்னு இவளும் அத ஒரு சாமானாவே நெனைக்கல.

அப்பாவுக்குப் போனப் போட்டா. அந்தக் கேசட்டுன்னதும் போன வச்சிட்டாக. மறுநா அவரே மொபட்டுல வந்து நிக்குறாரு, கேரியருல உரச்சாக்கு. உள்ள வாங்க, ஃபேனு ஓடுதுன்னேன். படி ஏறல. சாக்க என் கையில குடுத்துட்டு ஹேண்டில் பாரப் பாத்துப் பேசுனாரு. "எங்க அண்ணன் பட்டாளத்துல இருந்து லீவுல வந்து இதப் போடுறதுக்குள்ள அவளும் போய்ச் சேந்துட்டா தம்பி. டிவியில அவ சத்தம் வந்துச்சு. புடுங்கிட்டுப் போயி மோட்டார் ரூம்புல வச்சது நான்தான். அவ பேசுற எடம் வரும். வந்துச்சுன்னு எனக்குச் சொல்லாதீக, நான் ஒரு வாட்டி கேட்டுட்டேன்."

போர்டு

சாக்கப் பிரிச்சா, மலையடிவாரத்து ஈரம் பூரா அதுக்குள்ளதான் குடியிருந்திருக்கு. டேப்பு ஓரம் முழுக்க தயிராடை படிஞ்ச மாதிரி பூஞ்சை. என் தலைக்கு மேல போர்டு தொங்குது. கீழ ஊரான் வீட்டுக் கேசட்டு ஒரு மூட்டை வரிசையில காத்துக் கெடக்கு. இதப் போட்டா டெக்கு தாங்காதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். முன்னாடியே வந்து உக்காந்திருந்த முத்துலட்சுமி என் மூஞ்சியப் பாத்தே புரிஞ்சுக்கிட்டா. வேண்டாம்ணே, ஒங்க பொழப்பக் கெடுக்க வேண்டாம்னா. சொன்னவ கை மட்டும் கேசட்ட விடல.

அவ தறியில ஓட்டுன பேண்டேஜ் துணியவே ஒரு கத்தை பையில கொண்டாந்திருந்தா. அத ஸ்பிரிட்டுல நனைச்சு, மூணு பேரும் உக்காந்து டேப்பத் தொடச்சு எடுத்தோம். வேற கேசட்டுக் கூட்டுக்குள்ள மாத்திப் போட்டேன். டெக்குல படத்துக்கு ஒரு ஹெட்டு, சத்தத்துக்கு வேற ஹெட்டு. அதுனால சத்தத்துக்குத் தனியா ஒயரு இழுத்து கம்ப்யூட்டருக்குக் குடுத்தேன். எல்லாம் முடிஞ்ச பொறவும் உள்ள தள்ள என் விரலு வரல. சோலை அண்ணன் எந்திரிச்சு, தடவித் தடவிப் போயி போர்டக் கழட்டி சேருக்கு அடியில சாத்துனாரு. "ஏலே, அந்த வீட்டுல பாட்டப் போட்டவன் நான். நீ போடு, டெக்கு போனா என் மேல வையி."

சத்தம்

பந்தல் தெரிஞ்சுச்சு, வாசல்ல செருப்புக் குவியல் தெரிஞ்சுச்சு, அம்புட்டுத்தான். படம் கோடு கோடா இழுத்து வெள்ளையாப் போச்சு. ஹெட்டு அடைச்சிருச்சு. ஆனா சத்தம் நிக்கல. கொட்டு, சங்கு, பொம்பளைக ஒப்பாரி. முத்துலட்சுமி எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாக்குறா, இதுல எதுண்ணேன்னு. சோலை அண்ணன் கண்ண மூடிக் கேட்டுட்டு தலைய ஆட்டுனாரு. ஊருல எவன் குரலையும் ஒரு தடவ கேட்டா திருப்பிப் பேசிக் காட்டுற பய நான், எனக்கும் பிடிபடல. அழுகையில எல்லாக் குரலும் ஒண்ணாத்தான் இருக்கு. டெக்கு வேற உள்ளுக்குள்ள கீறிக் கீறிச் சத்தம் போட ஆரம்பிச்சிருச்சு.

அப்ப மைக்குக்குப் பக்கத்துலயே ஒரு கட்டத்தொண்ட. அழுகையெல்லாம் இல்ல, நல்ல அதட்டலு. "ஏய்யா வீடியோ, லைட்ட அங்கிட்டுத் திருப்பும். இப்பத்தான் பிள்ள கண்ண மூடியிருக்கா. அவரு முழிக்கப் போறதில்ல, இவ முழிச்சிருவா." பின்னால யாரோ ஒரு பொம்பள அழுதுக்கிட்டே சிரிச்சா. டெக்கு டொக்குன்னு நின்னு போச்சு. வெளிய எடுத்தா டேப்பு பாதி வெளிய, பாதி உள்ள.

சோலை அண்ணன் அவ பக்கம் திரும்புனாரு. "அந்த வீட்டுல அன்னைக்குக் கைப்பிள்ள நீ ஒருத்திதான் தாயி. ஒங்கம்மாதான் அது. நான் திருப்புனேன், லைட்ட உடனே திருப்பிட்டேன்"னு திரும்பத் திரும்பச் சொன்னாரு, என்னமோ நேத்து நடந்த மாதிரி. கம்ப்யூட்டருல அந்த எடத்த மட்டும் வெட்டி எடுத்து அவ போனுல ஏத்திக் குடுத்தேன். ஹெட்போன் வேண்டாம்னுட்டா. போனக் காதுல வச்சா, யாரோ கூப்புட்டுப் பேசுற மாதிரி. முடிஞ்சதும் திரும்பப் போட்டா. திரும்பவும் போட்டா. பொறவு போன நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு என்னப் பாத்துக் கேட்டா: "இது எத்தன வாட்டி போட்டாலும் தேயாதுல்லண்ணே?"

டெக்கு போன பொறவும், பழைய கேசட்ட வச்சிக்கலாமா தூரப் போடலாமான்னு ஆளுக வந்து கேக்கத்தான் செய்றாக, போட்டுக் காட்ட வழியத்த நானும் ரொம்பத் தைரியமா "வச்சிக்கிடுங்க"ன்னு சொல்லி அனுப்பிக்கிட்டுத்தான் இருக்கேன்.