லோகு மாப்பிள்ளை பிடித்த கதை

காலை ஷிப்டுக்குக் கிளம்பி, சோழவரத்தில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது லோகுவின் வீட்டுக்காரர் தயாளன் அண்ணன் போன் செய்தார். காரணமில்லாமல் போன் செய்கிற ஆள் இல்லை அவர். "தங்கச்சி, லோகு போயிட்டா" என்றார். நெஞ்சு வலிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்தவள், ஆட்டோ வருவதற்குள் போய்விட்டாளாம். பஸ் வந்து நின்றது. ஏறத் தோன்றாமல் நின்றேன். விஷயத்தைச் சொன்னதும் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார். எங்கள் பஸ் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. லோகு இருந்தவரை அது நடக்கிற காரியமும் இல்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு லோகநாயகியை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காருக்கு வயர் கட்டுகள் செய்யும் கம்பெனியில் நாங்கள் இருவரும் ஒன்றாகச் சேர்ந்தோம். அவள் லைன் லீடர் ஆனாள். நான் அவள் லைனிலேயே வேலை பார்த்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, போனில் சத்தத்தைக் கூட்டிவைத்து, பழைய கறுப்பு வெள்ளைப் படம் பார்ப்பாள். எல்லாம் ஒரே ரகம். ஒருத்திக்கு ஒருவனைப் பிடித்துவிடும். வாய்விட்டுச் சொல்ல முடியாது. அதனால் அவன் வீட்டில் வேலைக்காரி வேஷத்தில் நுழைவாள், அவன் எதிரே மயங்கி விழுவாள், இல்லாத மாப்பிள்ளையை இருப்பதாகச் சொல்லி அவனுக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்புவாள். கடைசியில் தாலி. பின் சீட்டுக்காரர்களும் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். எல்லோரையும்விட லோகுதான் அதிகம் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் கதாநாயகிக்கு வக்காலத்து வாங்குவாள்.

"ஆம்பள ஆசப்பட்டா பாட்டு வெக்கிறான். பொம்பள ஆசப்பட்டா சிரிப்பு வெக்கிறான். அவ இன்னா பண்ணுவா, வாயத் தொறந்து கேக்கத்தான் உடலியே" என்பாள். சினிமாவைப் பற்றி இதைவிட நல்ல பேச்சை நான் எங்கும் கேட்டதில்லை.

அப்போது அவளுக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. பெற்றோர் இல்லை, அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணன் கெட்டவர் இல்லை. ஆனால் தங்கைக்குக் கல்யாணம் என்ற ஒன்று பாக்கி இருப்பதே அவர் நினைப்பில் இல்லை. அண்ணிக்கு ஒத்தாசை, பிள்ளைகளுக்கு அத்தை, அவ்வளவுதான் லோகு என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் பொதட்டூர்பேட்டைக்காரரான தயாளன் எங்கள் தரச் சோதனைப் பிரிவுக்கு வந்து சேர்ந்தார். மனைவியை இழந்து பல வருஷம் ஆனவர், தலை நிமிராமல் வேலை பார்ப்பவர். கொஞ்ச நாள் அவரைக் கவனித்துவிட்டு லோகு என் காதில் சொன்னாள்: "இவரத்தான் கட்டிக்கப் போறேன். நீ கூட இரு."

படத்தில் பார்த்ததை அப்படியே செய்தாள். கேன்டீனுக்குப் போகும் வழியில், தயாளன் எதிரே வரும் நேரம் பார்த்து, இடது கால் சுளுக்கிக்கொண்டது என்று உட்கார்ந்துவிட்டாள். படமாக இருந்தால் அவர் கைத்தாங்கலாகத் தூக்கியிருப்பார். இது கம்பெனி. தயாளன் ஓடிப்போய் சேஃப்டி ஆபீசரைக் கூட்டிவந்தார். ஸ்ட்ரெச்சர் வந்தது, ஆம்புலன்ஸ் வந்தது, எக்ஸ்ரே எடுத்தார்கள். அடுத்த நாள் எங்கள் ஷிப்ட் மொத்தத்தையும் உட்காரவைத்து, எப்படி நடக்க வேண்டும் என்று வகுப்பு எடுத்தார்கள். நல்ல காலில் கட்டுப் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த லோகுவைப் பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அடுத்த திட்டத்தில் எனக்கும் பங்கு. திருவள்ளூரிலிருந்து லோகுவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று தயாளன் காதில் விழும்படி சொல்ல வேண்டும். சொன்னேன். ரொம்ப சந்தோஷம் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் கேட்டுக்கொண்டார்கள். சாயங்காலம் பஸ் முழுக்க லோகுவுக்கு வாழ்த்து. அந்த வாழ்த்து அவள் அண்ணன் வரை போனது. தன்னைக் கேட்காமல் எவன் பெண் பார்க்க வருவது என்று அவர் குதித்தார். இந்த மாதத்தோடு வேலைக்குப் போனது போதும், வீட்டோடு இரு என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் பஸ்ஸில் அவள் படம் பார்க்கவில்லை. வேலையை விட்டால் தயாளன் இல்லை, நாங்கள் இல்லை, அண்ணன் வீட்டு அடுப்படிதான் அவளுக்கு மிச்சம். இன்னொரு திட்டம் போடலாம் என்று நான்தான் சொன்னேன். நடித்தது போதும் என்றாள். சாப்பாட்டு வேளையில் தட்டை எடுத்துக்கொண்டு நேராகப் போய் தயாளனுக்கு எதிரே உட்கார்ந்தாள். சுற்றிலும் மொத்த ஷிப்டும் இருந்தது.

"எனுக்கு உங்களக் கட்டிக்கணும். கால் சுளுக்குனது பொய்யி, பொண்ணு பாக்க வராங்கன்னதும் பொய்யி. இது நெஜம். உங்களுக்கு இஷ்டமா, இல்லியா?"

தயாளன் சோறு பிசைவதை நிறுத்தினார். "கால் பொய்யினு அன்னிக்கே தெரியும். இடது கால்ல அடின்னுட்டு வலது கால நொண்டிக்கினு ஸ்ட்ரெச்சர் ஏறுனீங்க. அடுத்து இன்னா பண்ணுவீங்கன்னு பாக்கத்தான் கம்முனு இருந்தேன். பொண்ணு பாக்க வராங்கன்னதும்தான் பேஜாரா பூட்ச்சி" என்றார். மறுபடி சோற்றைப் பிசைந்தபடியே, "எனுக்கும் இஷ்டம்" என்றார். கேன்டீனில் எழுந்த சத்தத்தைக் கேட்டு, மறுபடியும் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று சேஃப்டி ஆபீசர் ஓடிவந்தார்.

திருப்பாச்சூர் கோயிலில் கல்யாணம் நடந்தது. அண்ணன் வரவில்லை; மறு வருஷம் பொங்கலுக்கு அவராகவே வந்து சேர்ந்தார். தாலி கட்டும்போது தலையைக் குனியச் சொன்னார் குருக்கள். குனிந்தால் எனக்குத் தெரியாதே என்று சொல்லிவிட்டு, நிமிர்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள் லோகு. அவள் பக்கத்தில் நின்ற எனக்கு அன்று இருந்த பெருமை, என் சொந்தக் கல்யாணத்தில்கூட இருந்ததில்லை. அதற்குப் பிறகு அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையை எங்களோடு வேலை பார்த்தவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

அவள் போன அன்று கண்ணீர் அஞ்சலி பேனருக்காக ஃப்ளெக்ஸ் கடைப் பையன் வந்தான். லோகுவின் அண்ணன்தான் வாசகம் சொன்னார். தயாளன் அவர்களின் மனைவி என்று போடச் சொன்னார். சுவரோரம் உட்கார்ந்திருந்த தயாளன் அண்ணன் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"அதுக்குக் கீய ஒரு வரி சேத்துக்கோ தம்பி. தானே கேட்டு என்னைக் கட்டிக்கொண்டவள்னு போடு."

இதெல்லாம் எதற்கு மாப்பிள்ளை, படிக்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று லோகுவின் அண்ணன் தயங்கினார்.

"சிரிக்கட்டும் மச்சான். சிரிச்சிட்டு, அவ செஞ்சது சரிதான்னு நெனைப்பாங்க" என்றார் அவர்.

பேனர் அப்படியேதான் வந்தது. பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் படித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததை நான் கண்ணால் கண்டேன்.

காரியம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது, அவள் இடத்துக்கு லைன் லீடர் தேடிக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷத்தில் எனக்கென்று நான் எதையும் கேட்டதில்லை. யாராவது கவனித்துக் கொடுப்பார்கள் என்றே இருந்துவிட்டேன். அன்றைக்கு நேராகச் சூப்பர்வைசர் மேஜைக்குப் போய், அந்த வேலையை எனக்குக் கொடுங்கள் என்றேன். யார் உன்னை அனுப்பியது என்று கேட்டார். யாரும் அனுப்பவில்லை சார், எனக்கு வேண்டும் என்றேன். லோகுவிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது இந்தப் பேச்சைத்தான். யோசித்துச் சொல்கிறேன் என்றார் அவர். நன்றாக யோசிக்கட்டும். நான் கேட்டாயிற்று.