முதல் வருடம் விலக்கு

வேலையிலேயே தொழிலைக் கற்றவர்களுக்குப் பட்டப்படிப்பில் சில பாடங்களிலிருந்து எங்கள் கல்லூரி விலக்கு தருகிறது. அதற்காகக் கேள்வி கேட்கும் மூவரில் நானும் ஒருவன்.

அன்று வந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். மண்ணூர்பேட்டையில் சுவிட்ச் தயாரிக்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். அடையாள அட்டையின் கயிற்றை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாகவே இருந்தார். பதில் சொல்லும்போதே பார்வை பக்கத்து வகுப்பறைக்கு ஓடியது. ஷிப்டுக்கு நேரமாகிறதோ, அதற்குள் என்ன அவசரம் என்று எனக்கு எரிச்சல்.

ஆனாலும் கேட்டதற்கெல்லாம் சரியாகவே சொன்னார்.

"முதல் வருஷம் முழுக்க விலக்கு. நீங்க க்ளாஸுக்கே வர வேணாம்மா," என்றேன், பரிசு கொடுப்பவனைப் போல.

கயிறு சுற்றுவது நின்றது.

"இன்னா சார் இது? அதெல்லாம் மிஷினாண்ட நின்னுகினே கத்துகினேன். ஒருவாட்டியாவது உக்காந்து படிக்கலாம்னுதான் இங்க வந்தேன்."

"தெரிஞ்சதையே எதுக்கும்மா திரும்பப் படிக்கணும்?"

"தெரிஞ்ச பாட்ட நீங்க திரும்பக் கேக்கறதில்லியா சார்?"

விலக்கு வேண்டாமென்று எழுதிக் கொடுக்கட்டுமா என்று கேட்டார். அப்படியெல்லாம் விதியில்லை என்றார் என் பக்கத்தில் இருந்த பேராசிரியர்.

அடுத்தவரைக் கூப்பிட வெளியே வந்தேன். அந்த அம்மா பக்கத்து வகுப்பறையின் ஜன்னலோரம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே கடைசி பெஞ்சு காலியாகத்தான் கிடந்தது. மணி அடிக்கும்வரை அவர் அங்கேயே இருந்தார், நின்றுகொண்டே.