அட்டை மாறிய ஆக்டோபஸ்

டோக்கியோக்காரர்களுக்கு அவள் குராமோச்சி சென்செய். பெரிய எழுத்தாளர், பேருக்குப் பின்னால் மரியாதை ஒட்டிக்கொண்டுதான் வரும். எங்கள் கடலோர ஊர் தெராதோமாரியில் அந்தப் பருப்பெல்லாம் வேகாது. இங்கே அவள் குளியல்கூடத்துக்காரரின் மூத்த மகள் தெருயோ. மீன் சந்தையில் நண்டுக்கு வாய் கூசாமல் பாதி விலை கேட்கிறவள்.

அவள் கதை பிறந்ததே, ஊரே காசு கொடுத்துக் குளிக்க வரும் அப்பாவின் குளியல்கூடத்தில்தான். வெந்நீர்த் தொட்டியில் பிள்ளைகள் ஒரு நிமிஷம் உட்கார மாட்டார்கள். சின்னப் பெண்ணான தெருயோ தொட்டி விளிம்பில் குந்திக்கொண்டு கதை அளப்பாள். கடல் குளிர் தாங்காத ஒரு ஆக்டோபஸ், கரையேறி இந்தக் கூடத்துக்கே குளிக்க வந்ததாம். அடுத்து என்ன ஆச்சு என்ற ஆசையில் பிள்ளைகள் தோல் சிவக்க ஊறிக் கிடப்பார்கள். தங்கை ஃபுசாயே ஆவி படிந்த கண்ணாடியில் அந்த ஆக்டோபஸை விரலால் வரைவாள். வரைகிறவள் சும்மா வரைவாளா? "அக்கா, நேத்து எட்டுத் தாத்தாவுக்கு முதுகு தேச்சுச்சுன்னே. இன்னிக்கு ஆறுங்கிறே?" என்று எல்லார் முன்னாலும் மானத்தை வாங்குவாள்.

பிறகு தெருயோ மழலையர் பள்ளியில் டீச்சரானாள். ஆக்டோபஸ் கதை பட அட்டைகளாக மாறியது. மரப்பெட்டியில் அட்டைகளை அடுக்கிவைத்து, ஒவ்வொன்றாக உருவிக் கதை சொல்வது எங்கள் வழக்கம். படம் பிள்ளைகள் பக்கம், சொல்கிறவர் பெட்டிக்குப் பின்னால். அட்டையின் முதுகில் வசனம் எழுதியிருக்கும். தெருயோ அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். "என் கதையை நானே பாத்துப் படிக்கணுமா?" அவ்வளவு திமிர். அட்டைகளை வரிசை பார்த்து அடுக்குவது எப்போதும் ஃபுசாயேதான். அட்டை புத்தகமாச்சு, புத்தகம் பத்திருபது புத்தகமாச்சு. அக்கா எழுத்து, தங்கை படம். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "இவளோட சண்டை போடவே நேரம் போதலை" என்பார்கள், இருவருமே.

சில வருஷத்துக்கு முன் இலையுதிர் காலத்தில், ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த ஃபுசாயே அப்படியே சரிந்துவிட்டாள். மூளையில் அடைப்பு. உயிர் தப்பியது. ஆனால் வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு போய்விட்டது. அந்த வாயாடியின் பேச்சு! வீட்டுக்கு வந்த பிறகும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடது கையில் பென்சிலைக் கொடுத்தால் கீழே போட்டாள். அக்கா முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. தெருயோவுக்கும் ஒரு வரி ஓடவில்லை.

பதிப்பகத்திலிருந்து ஒனுமா வந்தார். நல்ல மனுஷர்தான்.

"சென்செய், அடுத்த புத்தகத்துக்கு ஊரே காத்திருக்கு. அச்சு அசல் இதே மாதிரி வரையற ஒரு பொண்ணு இருக்கா. வித்தியாசமே தெரியாது."

"தெரியாதா? முதல்ல நீங்க போய்க் கண் டாக்டரைப் பாருங்க."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஃபுசாயே அம்மா திரும்ப வரைவாங்கன்னு சொல்லுங்க, எத்தனை நாள்னாலும் காத்திருக்கேன். வரைவாங்களா?"

பிப்ரவரி முடிவதற்குள் ஒரு முடிவு சொல்லச் சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். அடுத்த அறையில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஃபுசாயேவின் கன்னம் நனைந்திருந்தது. தெருயோ துடைக்கப் போனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிப்ரவரி தொடக்கத்தில் வறுத்த பயறை வீசிப் பேயை விரட்டுகிற நாள். தெருயோ முன்பு டீச்சராக இருந்த பள்ளியில் கதை சொல்லக் கூப்பிட்டார்கள். தங்கையைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டே போனாள் தெருயோ. பிள்ளைகளின் சத்தமாவது அவளை ஜன்னலிலிருந்து திருப்பாதா என்ற நப்பாசை. முந்தின நாள்தான் அட்டைகளை ஒவ்வொன்றாகத் தூசி துடைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கட்டாக எடுத்துவைத்திருந்தாள். வரிசை தலைகீழாகிப் போனது அவளுக்குத் தெரியாது. தலைப்பு அட்டையை மட்டும் தேடி முன்னால் செருகினாள், அத்தோடு சரி.

பிள்ளைகள் நடுவே ஃபுசாயே. தெருயோ பெட்டிக்குப் பின்னால் நின்று, அவள் முகத்தையே பார்த்தபடி முதல் அட்டையை உருவினாள்.

"கடல்ல பயங்கரக் குளிர். பாவம் ஆக்டோபஸ், வெடவெடன்னு நடுங்குது..."

"பொய்!" என்று கத்தினான் முன்வரிசை இப்பெய். "குளிச்சு முடிச்சு, தலையில துண்டு கட்டிக்கிட்டு ஜாலியா பால் குடிக்குது!"

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாய் நீளம் என்று நினைத்துக்கொண்டு அடுத்ததை உருவினாள். "மெதுவாக் கதவைத் திறந்து பாத்துச்சு. உள்ளே ஈ காக்கா இல்லை."

படத்தில் எட்டுத் தாத்தாக்கள் வரிசையாக முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் தரையில் உருண்டார்கள்.

"சிரிக்காதீங்க! சோகமான இடம் இது!" என்று தெருயோ அதட்டினாள். இன்னும் சிரிப்பு.

அப்போது ஃபுசாயேவின் தோள் குலுங்கியது. தெருயோ அட்டையை அப்படியே விட்டாள். மறுபடியும் அந்த அடைப்பா? "ஃபுசா! என்னடி பண்ணுது?"

ஃபுசாயே இடது கையைத் தூக்கிப் பெட்டியைக் காட்டினாள். வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சிரிக்கிறாள்!

"தப்... தப்பு."

பிள்ளைகள் திரும்பி அவளைப் பார்த்தார்கள்.

"தப்பு!" என்றாள் மறுபடி, பழைய அதிகாரத்தோடு.

"தப்பு! தப்பு!" என்று பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள்.

தெருயோ முன்பக்கம் ஓடிவந்து படத்தைப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டு அந்த இடது கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்புதான்டி. நீ இல்லாம நான் அடுக்கினா வேற எப்படி இருக்கும்?" ஃபுசாயே இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை. எத்தனையோ மாதம் கழித்து அக்காவைப் பார்த்தாள். தெருயோ எழுத்தாளர் கௌரவத்தையெல்லாம் மறந்து ஓவென்று அழுதாள். இப்பெய் பயந்துபோய்த் தன் பயறில் பாதியை அவள் மடியில் போட்டான்.

அன்று சாயங்காலம் ஃபுசாயே தானாகப் பென்சிலுக்குக் கை நீட்டினாள். தெருயோ ஒனுமாவுக்குப் போன் செய்து, "காத்திருங்க" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்து வந்தது, எழுத்து ஒன்று சொல்ல, படம் வேறொன்று காட்டுகிற புத்தகம். இடது கைக் கோடு ஆடியது. ஆவிக் கண்ணாடியில் விரலால் இழுத்த அந்தப் பழைய ஆக்டோபஸே திரும்பி வந்திருந்தது. கோடு ஆடுகிறதே என்று முனகியபடி வாங்கிப்போன ஒனுமா, ரயிலில் வாய்விட்டுச் சிரித்து அக்கம்பக்கத்தாரிடம் மன்னிப்புக் கேட்டாராம். இன்று நாடெங்கும் பிள்ளைகள் பக்கத்துக்குப் பக்கம் "தப்பு!" என்று கத்துகிறார்கள். தெருயோ எழுதியதிலேயே அதிகம் விற்றது அதுதான்.

வேறு பேச்சும் வரும் என்றார் டாக்டர். பெரிதாக வரவில்லை. சூப்பில் உப்புக் குறைந்தால் "தப்பு". அட்டையைத் தானே சரியாக அடுக்கி முடித்தாலும் "தப்பு". அக்காவைக் கூப்பிடவும் அதே சொல்தான்.

மீன் சந்தையில் "சென்செய்!" என்று எத்தனை பேர் கூப்பிட்டாலும் தெருயோ நண்டிலிருந்து தலை தூக்க மாட்டாள். பின்னால் நாற்காலியிலிருந்து "தப்பு!" என்று ஒரு குரல் வரவேண்டும். "இதோ வந்துட்டேன்டி!" என்று நண்டை அப்படியே போட்டுவிட்டு ஓடுவாள்.