அவள் நெஞ்சின் செய்தி அவர் ஃபோனுக்கு

குடோனில் சரக்கைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவள் அவள். ஒருநாள் வண்டியிலிருந்து இறங்கியதும் மயங்கி விழுந்தாள். அன்றிலிருந்து ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். "வீட்ல சண்டையா?" என்றார் சூப்பர்வைசர். "காலைல சாப்பிடாம ஓடினா இப்படித்தான்" என்றாள் அக்கா. முதலில் பார்த்த டாக்டரோ அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் 'டென்ஷன்' என்று எழுதிவிட்டார். குடோனில் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு அவளை லேபிள் ஒட்ட உட்கார வைத்தார்கள். அதில்தான் அவளுக்கு வயிறெரிந்தது.

பிறகு பார்த்த இதய டாக்டர்தான் நெஞ்சுக்குள்ளேயே ஒரு காவலாளியை வைப்போம் என்றார். சுண்டுவிரலில் பாதிகூட இல்லாத கருவி. குணப்படுத்தாது, தோலுக்கடியில் இருந்து இரவும் பகலும் துடிப்பைக் கவனிக்கும், அவ்வளவுதான். மரத்துப்போகப் போட்ட ஊசி சுருக்கென்றது. பிறகு யாரோ கட்டைவிரலால் அமுக்குவது போல இருந்தது. அவள் விழித்துக்கொண்டேதான் இருந்தாள். டீ குடிக்கிற நேரத்தில் வேலை முடிந்து அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காயத்தில் சில நாள் தண்ணீர் படக்கூடாது. கருவி பார்த்ததை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப, கட்டில் பக்கத்தில் செருகி வைக்க ஒரு சின்னப் பெட்டி.

"ஏதாவது தெரிஞ்சா எந்த நம்பருக்குச் சொல்றது?" என்று நர்ஸ் கேட்டார். கணவர் முந்திக்கொண்டு தன் நம்பரைச் சொன்னார். அவள் அப்போது பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் ஒரு காலை. அவர் குளித்துக்கொண்டிருக்க, அவர் ஃபோன் அடித்தது. எடுத்தாள்.

"சார், போன வாரமே சொன்னோமே, ஏன் இன்னும் கூட்டிட்டு வரல?"

"நான் அவர் மனைவி பேசறேன். என்ன சொன்னீங்க?"

பேசியது ஆஸ்பத்திரி நர்ஸ். "அம்மா... உங்க இதயம் நடுநடுவுல சில செகண்டு நின்னு நின்னு துடிக்குது. டாக்டர் சீக்கிரம் பாக்கணும்னார்."

குளியலறைக் கதவை உடைக்காத குறையாகத் தட்டினாள். சோப்பு நுரையோடு ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"போன வாரமே தெரியுமா உங்களுக்கு?"

"நீ பயந்துடுவேன்னு... நிதானமா சொல்லலாம்னு..."

"நானா? தலைக்கு மேல ஒரு டன் சரக்கைத் தூக்கறவ நான். பயந்தது யாரு?"

"நான்தான்" என்றார் அவர், மெல்ல.

அது காதில் விழத்தான் செய்தது. கோபம் மட்டும் இறங்கவில்லை. இந்த ஒரு வாரமும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அவள்தானே ரோட்டைக் கடந்தாள்? நடு ரோட்டில் விழுந்திருந்தால்? அக்கறை என்று பெயர் வைத்துவிட்டால் அடுத்தவர் உயிரின் செய்தியைக்கூடப் பையில் போட்டுக்கொண்டு திரியலாமா?

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் கணவரைப் பார்த்து, "இவங்களுக்கு பேஸ்மேக்கர் வைக்கணும்" என்று தொடங்கினார்.

"டாக்டர், இந்தப் பக்கம் பாருங்க. நெஞ்சு என்னோடது."

நாற்காலி திரும்பியது.

"அதை வெச்சா மறுபடி வண்டி ஓட்டலாமா?"

"வெச்சு, செக் பண்ணி, எல்லாம் சரியா இருந்தா ஓட்டலாம்."

"அதை எழுதிக் குடுங்க. வந்தது டென்ஷன் இல்லன்னும் சேத்து எழுதுங்க."

வெளியே வந்ததும் நேராக நர்ஸின் மேசைக்குப் போனாள். "நம்பர் மாத்தணும்" என்று தன் நம்பரைச் சொன்னாள். கணவர் பக்கத்தில் வந்து நின்றார்.

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். "இவர் நம்பரும் இருக்கட்டும்" என்றாள் நர்ஸிடம். "ரெண்டாவதா."