ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஊர்

சில வருடங்களுக்கு முன், கேரளத்தில் வட்டவடைப் பக்கம் எங்கள் மலைக்கிராமத்தில் நடந்தது இது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பொருளாதாரத்தில் எம்.ஏ. முடித்த கையோடு ஓர் ஆய்வுக் குழுவில் கணக்கெடுக்கும் வேலை கிடைத்தது. கையில் டேப்லெட்டோடு நடந்ததால் எல்லோரும் டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நானும் திருத்தவில்லை.

பள்ளிக்குப் போக அரசு ஜீப் விட்டால் மலையூர்ப் பிள்ளைகள் படிப்பை விடாமல் தொடர்வார்களா? இதுதான் ஆய்வு. முதலில் சில ஊர்களுக்கு மட்டும் ஒரு வருடம் ஜீப் ஓடும். ஜீப் கிடைக்காத ஊர்களையும் கூடவே கவனிப்போம். இரண்டையும் ஒப்பிட்டால்தான் மாற்றம் ஜீப்பால் வந்ததா என்று தெரியும். எந்த ஊருக்கு ஜீப் என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்தார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் என் மாமாவின் ஊருக்கு விழுந்தது. எங்கள் ஊருக்கு விழவில்லை.

சொந்த ஊரில் கணக்கெடுக்கக் கூடாது என்று என்னை மாமாவின் ஊருக்கே போட்டார்கள். ஜீப் வந்த பிறகு என்ன மாறியிருக்கிறது என்று வீடு வீடாக நானே கேட்க வேண்டும்.

"பிள்ளைக சாவகாசமா சாப்பிட்டுப் போகுதுக," என்பார் அத்தை. "உங்க ஊர்ல இன்னும் நடைதானா?"

தெரிந்தேதான் கேட்பார். பதிலை டேப்லெட்டில் தட்டும்போது எனக்கு வயிறு எரியும். நானும் அதே பாதையில் நடந்து படித்தவள்தான். அதைப் பெருமையாகச் சொல்லியும் திரிந்தவள். ஆனால் என் தங்கை சேற்றில் நடக்க, அவளோடு ஒரே வகுப்பில் படிக்கும் மாமா மகள் ஜீப்பில் போவதைப் பார்க்கையில் அந்தப் பெருமை எதற்கும் உதவவில்லை.

இருவரும் அப்போது பிளஸ் டூ. இருவருக்கும் நர்சிங் படிக்க ஆசை. மழை தொடங்கியதும் தங்கையோடு நடந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். பாதையில் காட்டுமாடு நிற்கும் என்பதால் அவளைத் தனியாக அனுப்ப அம்மாவுக்குப் பயம். அவளுக்கு வகுப்புகள் தவறிக்கொண்டே இருந்தன.

ஓண விடுமுறைக்கு முன் நடக்கும் பரீட்சை அன்று நான் துணைக்குப் போனேன். நல்ல மழை. பின்னால் ஜீப் வந்து நின்றது.

"மதினி, எடம் கெடக்கு. அவள ஏத்தி விடுங்க," என்றாள் மாமா மகள்.

"ஏறட்டும் டீச்சர். இந்த மழையில யாரு பாக்கப் போறா?" என்றார் டிரைவர்.

தங்கை ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள்.

"வேணாம், நீங்க போங்க," என்றேன்.

எங்கள் ஊர்ப் பிள்ளை அந்த ஜீப்பில் ஏறினால் ஒப்பீடு கெட்டுவிடும். இன்று ஒருத்தி ஏறினால் நாளை எல்லோரும் ஏறுவார்கள். அது உண்மை. மாமா மகள் நகர்ந்து கொடுக்கும் இடத்தில் என் தங்கை உட்காருவதை என்னால் பொறுக்க முடியவில்லை என்பதும் உண்மை.

தங்கை காலை இறக்கினாள். "எனக்கு ஜீப்பும் இல்ல, அக்காளும் இல்ல," என்றாள். பரீட்சை தொடங்கிய பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். ஓணம் முடியும்வரை அவள் என்னோடு பேசவில்லை.

வருடக் கடைசியில் முடிவுகளைச் சுவரில் படமாகக் காட்டினார்கள். ஜீப் ஓடிய ஊர்களின் வருகைக் கோடு ஏறக்குறைய நேராகப் போனது. மற்ற ஊர்களின் கோடு மழை மாதங்களில் சரிந்தது. வந்திருந்த அதிகாரி அந்தச் சரிவைத்தான் வெகுநேரம் பார்த்தார். பிறகு, எல்லா ஊருக்கும் ஜீப் விடச் சொல்லி எழுதுவதாகச் சொன்னார். குழுவினர் கைதட்டினார்கள். அந்தச் சரிவுக்குள் என் தங்கை இருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஜூனில் எங்கள் ஊருக்கும் ஜீப் வந்தது. தங்கை பாஸாகியிருந்தாள், ஆனால் நர்சிங்குக்கு மார்க் போதவில்லை. மாமா மகளுக்கு இடம் கிடைத்தது.

"நல்லா சாஞ்சு உக்காந்து போங்கடி. நான் நடந்து வாங்கிக் குடுத்த வண்டி," என்று தங்கை சின்னப் பிள்ளைகளைச் சீண்டுவாள். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வராது.

நான் இன்னும் இதே வேலையில்தான் இருக்கிறேன். ஒப்பிட்டுக் காட்டியிருக்காவிட்டால் எங்களுக்கு ஜீப் வந்திருக்காது என்று இன்றும் நம்புகிறேன். ஆனாலும் ஏதோ ஒரு திட்டம் பலன் தந்ததாகச் செய்தித்தாளில் படிக்கும்போதெல்லாம், அது கிடைக்காமல் பார்த்துக்கொண்டு நின்ற ஊர் எது என்றுதான் என் மனம் முதலில் தேடுகிறது.