கண்ணில் ஒற்றிய கதிர்

“பிள்ளை, செல்லாக் காசைப் படிக்கவோ இவ்வளவு தூரம் வந்தனீர்?”

கேட்டவர், ஜெர்மன் தலைநகரின் நொய்கெல்ன் பகுதியில் எனக்கு ஓர் அறையை வாடகைக்குத் தந்திருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா. “ஓம் அக்கா” என்று அவரைப் போலவே சொன்னேன். சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். என்ன படிப்பது என்பதை நானே முடிவு செய்தேன்.

தெற்கு இத்தாலியில் குடியேறிய பழங்காலக் கிரேக்கர்கள் அடித்த வெள்ளிக் காசுகளைப் பற்றியது என் ஆய்வு. மெட்டாபொந்தம் என்ற நகரத்தின் காசில் ஒரு வாற்கோதுமைக் கதிர் இருக்கும். முன்பக்கம் புடைத்திருக்கும் அதே கதிர், பின்பக்கம் குழிந்திருக்கும். படத்திலேயே பார்த்துப் பழகிய அந்தக் காசு, போன குளிர்காலத்தில் ஒரு நாள், அருங்காட்சியகத்தில் பழங்காசுகளைப் பாதுகாக்கும் காசறையில் நடந்த வகுப்பில் என் கைக்கு வந்தது.

எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். யோசிக்கவே இல்லை. நடவுக்குப் போய் வாங்கிவரும் கூலியை அம்மா அப்படித்தான் செய்வாள்.

காசறைப் பொறுப்பாளர் பிடுங்காத குறையாக அதை வாங்கித் துணிமேல் வைத்தார். விளிம்பை மட்டுமே பிடிக்க வேண்டும் என்று முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தார். “வியர்வை பட்டால் வெள்ளி கெடும். இனி உங்களுக்குப் பிளாஸ்டரில் வார்த்த பிரதி போதும்” என்றார். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். மரியாதை செய்ததற்கு எதற்கு மன்னிப்பு என்று பிரதியை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

பிரதியில் கதிரின் ஒவ்வொரு மணியும் இருந்தது. கனம் இல்லை. இமைமேல் ஒரு நொடி பட்ட அந்தக் குளிர்ச்சி இல்லை. ரயிலில் போகும்போதுகூட விரல்நுனிகள் அந்த விளிம்பைத் தேடும். உண்மைக் காசுகளை ஒப்பிட்டுப் பார்க்காமல் ஆய்வேட்டை முடிக்கவும் முடியாது.

போனில் சொன்னதும் அம்மா கொதித்தாள். “கண்ணுல ஒத்துனதுக்கா திட்டுனாங்க? அப்போ கால்ல போட்டு மிதிக்கணுமாமா?” பிறகு குரல் இறங்கியது. “அவங்க பொருளு, அவங்க பயம். இன்னொருக்கா கேளு. கேட்டா வாயா தேஞ்சிடும்?”

இன்று காலை நகங்களை ஒட்ட வெட்டினேன். மன்னிப்பும், விளிம்பைத் தவிர வேறெங்கும் தொடமாட்டேன் என்ற உறுதியும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். காசறை வாசலில் இருக்கும் பெட்டிக்குள் அந்தக் கடிதத்தைப் போட்டுவிட்டேன்.